பழைய கல்லறைக் கல்லில் உள்ள சின்னங்களை வாசிப்பது எப்படி?

பழவேற்காட்டு டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் எலும்புக்கூடுகள் செதுக்கப்பட்டிருக்கின்றன. உள்ளே மண்டையோடு, மணற்கடிகை, சிறகுகள், கேடயங்கள். முதல்முறை பார்ப்பவர் "கடற்கொள்ளைக்காரன் சமாதி போல" என்று சொல்லிவிட்டு ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார். கொஞ்சம் ஆர்வம் உள்ளவர் இணையத்தில் ஒரு பட்டியலைத் தேடிப் பிடித்து, "நங்கூரம் என்றால் மாலுமி, கை என்றால் பிரிவு" என்று பொருத்திப் பார்ப்பார். இரண்டாவது வழிதான் அதிகம் ஏமாற்றும். அந்தப் பட்டியல்களில் பெரும்பாலானவை 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துக் கல்லறைகளுக்காக எழுதப்பட்டவை. 17-ஆம் நூற்றாண்டு டச்சுக் கல்லில் அவற்றை வைத்தால் பாதி பொருந்தாது.

எனவே ஒரு விதியை மட்டும் முதலிலேயே பிடித்துக்கொள்ளுங்கள்: சின்னத்தைக் கடைசியில் படியுங்கள். ஆண்டு, மொழி, கல்லின் வகை, சின்னம் இருக்கும் இடம் ஆகிய நான்கையும் தெரிந்துகொண்டபின் படித்தால் சின்னம் தானாகப் பேசும். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் போகின்றன. தமிழ்நாட்டுக் கடற்கரையில் உள்ள டச்சு, டேனிஷ், ஆங்கிலேய, போர்த்துகீசிய, ஆர்மீனியக் கல்லறைகளை மனதில் வைத்து எழுதியது இது. நடுகல், வீரக்கல் எல்லாம் வேறு இலக்கணம், இங்கே சேர்க்கவில்லை.

1. எந்த ஊர் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

ஒரே நாளில் இரண்டு ஊர் போகத் திட்டமிடாதீர்கள். ஒரு கல்லை ஒழுங்காகப் படிக்க அரை மணி நேரம் பிடிக்கும். புதியவருக்கு ஒரு நாளில் எட்டுப் பத்துக் கற்களே அதிகம்.

தொடங்குவதற்கு என் பரிந்துரை பழவேற்காடு. மண்டையோடு, மணற்கடிகை, கேடயம் மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கும். பொன்னேரி வரை புறநகர் ரயில், அங்கிருந்து சுமார் 20 கி.மீ. பேருந்து. அடுத்து சதுரங்கப்பட்டினம்: கல்பாக்கத்தை ஒட்டிய கோட்டை, அதற்குள்ளேயே கல்லறைகள். இரண்டும் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. ஆங்கிலேயக் கற்களுக்குச் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் உள்ள புனித மேரி ஆலயம். அதன் சுற்றுப்புறம் முழுக்கக் கல்லறைப் பலகைகள் தரையில் பதிக்கப்பட்டிருக்கின்றன. டேனிஷ், ஜெர்மன் கற்களுக்குத் தரங்கம்பாடி. ஆர்மீனிய எழுத்துக்குச் சென்னை ஜார்ஜ் டவுனில் அரண்மனைக்காரத் தெரு என்று தமிழில் அழைக்கப்படும் ஆர்மீனியன் தெருவில் உள்ள ஆலயம்.

இங்கேயே ஒரு பொறி இருக்கிறது. கல் இருக்கும் இடம்தான் புதைத்த இடம் என்று நினைக்காதீர்கள். புனித மேரி ஆலயத்தைச் சுற்றியுள்ள கற்கள், இன்றைய உயர் நீதிமன்ற, சட்டக் கல்லூரிப் பக்கம் இருந்த பழைய கல்லறைத் தோட்டத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டவை. 1758–59 முற்றுகையில் பிரெஞ்சுப் படை அந்தச் சமாதிகளை மறைவிடமாகப் பயன்படுத்தியதால், அவை இருந்தால் மறுபடியும் ஆபத்து என்று அகற்றிவிட்டார்கள். பழைய இடத்தில் யேல் குடும்பத்துச் சிறுவனும் ஹின்மர்ஸ் என்பவரும் அடங்கிய கூர்ங்கோபுரச் சமாதியை அப்போது அகற்றாமல் விட்டுவைத்தார்கள். ஆக, கோட்டையில் இரண்டு கற்கள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் இருவரும் உறவினர் என்று எழுதிவிடக் கூடாது.

2. அனுமதியும் தாள்களும்

தொல்லியல் துறை இடங்களில் முக்காலி இல்லாமல் கைபேசியில் சொந்த உபயோகத்துக்குப் படம் எடுப்பது பொதுவாகச் சிக்கலில்லை. முக்காலி, விளக்குகள், படப்பிடிப்புக் கருவி என்றால் முன்அனுமதி வேண்டும். மைப்படி எடுப்பது, தாள் வைத்துத் தேய்த்துப் பிரதி எடுப்பது இரண்டையும் அனுமதி இல்லாமல் தொடவே தொடாதீர்கள். 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2010-இல் செய்த திருத்தப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "நான் சுண்ணாம்புக் கட்டிதானே தேய்த்தேன்" என்ற விளக்கம் எடுபடாது.

புனித ஜார்ஜ் கோட்டைக்குள் நுழையும்போது பாதுகாப்புச் சோதனை உண்டு. ஆதாரோ வேறு புகைப்பட அடையாள அட்டையோ அசலாகக் கையில் இருக்கட்டும்.

ஆலயத்துக்குச் சொந்தமான கல்லறைத் தோட்டம் என்றால் சேகரக் குருவானவருக்கோ பங்குத்தந்தைக்கோ ஒரு பக்கக் கடிதம் போதும். யார் நீங்கள், எந்தக் கற்களைப் பார்க்க வேண்டும், எந்த நாள் எத்தனை மணிக்கு, படம் எங்கே போகும், கல்லுக்குச் சேதம் செய்யமாட்டேன் என்ற உறுதி ஆகிய ஐந்தும் அதில் இருக்கட்டும். ஒரு வாரம் முன்னதாகக் கொடுங்கள். ஞாயிறு காலை போகாதீர்கள். கடிதத்தை விட முக்கியமானவர் கோயில்பிள்ளை. சாவி அவரிடம், எந்தக் கல் எந்தப் புதருக்குள் என்ற அறிவும் அவரிடம்தான்.

3. பையில் என்ன வைப்பது

- சாதாரண டார்ச் ஒன்று. ஒளி குவிந்து விழும் வகை நல்லது.
- ஏறத்தாழ 30 × 45 செ.மீ. முகம் பார்க்கும் கண்ணாடி, ஓரம் மழுக்கியது, பின்னால் அட்டை ஒட்டியது.
- கறுப்புக் குடை. மழைக்கு அல்ல, நிழலுக்கு.
- மென்மையான பெயின்ட் பிரஷ், 2 அங்குலம், புதியது.
- தண்ணீர் தெளிக்கும் பாட்டில், வெறும் குடிநீரோடு.
- 5 மீட்டர் டேப், கட்டம் போட்ட நோட்டு, பென்சில்.
- முட்டி போட ஒரு பழைய சாக்கு. கற்கள் பெரும்பாலும் படுக்கையாகக் கிடப்பவை, முட்டி பெயர்ந்துவிடும்.

வீட்டில் இல்லாததை வாங்கினாலும் 1,000 ரூபாய்க்குள் முடியும். விலை உயர்ந்த கேமரா அவசியமே இல்லை. வெளிச்சம் சரியாக இருந்தால் கைபேசி போதும். வெளிச்சம் தவறினால் எந்தக் கேமராவும் உதவாது.

4. நேரம்: காலை 7 முதல் 9, மாலை 4-க்குப் பிறகு

நடுப்பகலில் போனால் தேய்ந்த கல் வெறும் பலகையாகத் தெரியும். நிழல் விழுந்தால்தான் செதுக்கல் எழுந்து நிற்கும். அதற்கு வெளிச்சம் கல்லின் மேல் பக்கவாட்டில், ஏறக்குறைய கல்லை உரசிக்கொண்டு வர வேண்டும். வேளை தவறிவிட்டால் கல்லின் மேல் கறுப்புக் குடையை விரித்து நிழல் உண்டாக்குங்கள். இரண்டு மீட்டர் தள்ளி ஒருவர் கண்ணாடியைத் தரையோடு பிடித்து, வெயிலைக் கல்லின் மேல் சாய்வாகத் திருப்பட்டும். முதலில் இடப்பக்கத்திலிருந்து ஒரு படம், பிறகு வலம், மேல், கீழ் என்று நான்கு படங்கள். கேமரா மட்டும் அசையக் கூடாது. ஒரு பக்கம் மறைந்த கோடு இன்னொரு பக்கம் கண்டிப்பாகத் தெரியும்.

ஆண்டில் நல்ல காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. வடகிழக்குப் பருவமழை முடிந்து புல் காயத் தொடங்கியிருக்கும். மழைக்காலத்தில் பாம்பு பயமும் உண்டு. கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டங்களில் நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்கு முன் புல்வெட்டிச் சுத்தம் செய்வார்கள், வசதிதான். ஆனால் சுண்ணாம்பும் பெயின்டும் அடிப்பதும் அப்போதுதான். மங்கிய எழுத்தின் மேல் கறுப்பு பெயின்ட் ஓட்டியவர் 3-ஐ 8 ஆக்கியிருக்கலாம். பெயின்ட் அடித்த எழுத்தை நம்பாதீர்கள். பள்ளத்தின் விளிம்பை விரல் நுனியால் தடவிப் பாருங்கள்.

5. சுத்தம் செய்கிறேன் என்று கல்லைக் கெடுக்காதீர்கள்

மணலும் காய்ந்த இலையும் இருந்தால் பிரஷால் தள்ளுங்கள். அதற்கு மேல் வேண்டாம். கம்பி பிரஷ், ஆசிட், வினிகர், எலுமிச்சை, புளி, பாத்ரூம் சுத்தம் செய்யும் திரவம் எதுவும் கூடாது. பளிங்கு சுண்ணாம்புச் சத்து உள்ளது. புளிப்புப் பட்டவுடன் மேற்பரப்பு கரையும், எழுத்தின் கூர்மையும் அதோடு போகும். சாக்பீஸ், கோலமாவு, திருநீறு பூசி எழுத்தை வெளுப்பாக்குவது நம் ஊரில் சகஜம். தூள் கல்லின் துளைகளுக்குள் இறங்கிவிடும். அதைவிட மோசம், பூசுகிறவர் தனக்குத் தெரிந்த எழுத்தைத்தான் நிரப்புவார். படத்தைப் பார்ப்பவருக்கு அந்த ஊகமே உண்மையாகிவிடும்.

கருங்கல்லில் லேசாகத் தண்ணீர் தெளித்தால் கல் கறுத்துப் பள்ளங்கள் பிரிந்து தெரியும். அது காயும் இரண்டு மூன்று நிமிடம்தான் சிறந்த நேரம். கேமராவைத் தயாராக வைத்துக்கொண்டு தெளியுங்கள்.

19-ஆம் நூற்றாண்டுப் பளிங்குப் பலகைகளில் ஈய எழுத்துகள் பதித்திருப்பார்கள். ஈயம் உதிர்ந்திருந்தால் மனம் தளர வேண்டாம். ஒவ்வொரு எழுத்தும் நின்ற இடத்தில் சிறு துளைகள் இருக்கும். துளைகளை நோட்டில் புள்ளியாக வரைந்து இணைத்தால் எழுத்து கிடைத்துவிடும்.

6. ஆண்டைப் படியுங்கள்

இந்தப் படியில்தான் அதிகத் தவறு நடக்கிறது; எனவே நிதானம்.

ரோமன் எண்களில் எம் 1000, டி 500, சி 100, எல் 50 என்பது பலருக்குத் தெரியும். பழைய கற்களில் எம் எழுத்துக்குப் பதில் சி, ஐ, திருப்பிப் போட்ட சி மூன்றையும் சேர்த்து 1000 என்றும், ஐயும் திருப்பிப் போட்ட சியும் சேர்த்து 500 என்றும் வெட்டியிருப்பார்கள். பார்ப்பதற்கு ஏதோ முத்திரை போல இருக்கும். அலங்காரம் என்று தாண்டிப் போய்விடாதீர்கள்.

மாதப் பெயர்களில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. 7 என்ற எண்ணை அடுத்து 'பெர்' என்று முடிந்தால் அது ஜூலை அல்ல, செப்டம்பர். செப்டெம் என்றால் லத்தீனில் ஏழு. அதேபோல் 8 அக்டோபர், 9 நவம்பர், 10 அல்லது எக்ஸ் டிசம்பர்.

ஆங்கிலேயர் 1752-க்கு முன்பு புத்தாண்டை மார்ச் 25-இல் தொடங்கினார்கள். ஆகவே ஆங்கிலேயக் கல்லில் "1690 பிப்ரவரி" என்றிருந்தால் நம் கணக்கில் அது 1691 ஆக இருக்கலாம். சில கற்களில் 1690/91 என்று இரண்டையும் போட்டிருப்பார்கள், அது பிழையல்ல. நாளும் வேறுபடும். ஹாலந்துக்காரர்கள் 1583-இலேயே புதிய நாட்காட்டிக்கு (இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் முறை) மாறிவிட்டார்கள், டேனிஷ்காரர்கள் 1700-இல், ஆங்கிலேயர் 1752-இல். ஒரே நாளில் இறந்தவர்களுக்குப் பழவேற்காட்டுக் கல்லிலும் சென்னைக் கல்லிலும் 1700 வரை 10 நாள், அதற்குப் பின் 1752 வரை 11 நாள் வித்தியாசம் வரும்.

ஆர்மீனியக் கற்களில் எழுத்துகளே எண்கள். ஆர்மீனியரின் பழைய பொது ஆண்டுமுறையான பேரூழிக் கணக்கு என்றால் 551-ஐக் கூட்ட வேண்டும். ஈரானின் ஜூல்பாவிலிருந்து வந்த ஆர்மீனிய வணிகர்கள் பயன்படுத்திய அசாரியா கணக்கு என்றால் 1615-ஐக் கூட்ட வேண்டும். விடை மூன்று இலக்கத்தில் நின்றாலோ இரண்டாயிரத்தைத் தாண்டினாலோ கணக்கை மாற்றிப் பாருங்கள்.

தமிழ்க் கிறிஸ்தவர்களின் பழைய கற்களில் தமிழ் எண்கள் வரும். ௲௮௱௩௰௭ என்றால் 1837. இடமதிப்பு முறையில் ௧௮௩௭ என்றும் வெட்டியிருக்கலாம். புள்ளி வைக்காத மெய்யெழுத்தும், காலும் ரகரமும் ஒன்றாகத் தெரிவதும் பழைய வழக்கம். "நித்திரையடைந்தார்", "தேகவியோகமானார்" போன்ற சொற்களைத் தேடினால் தேதி அதன் பக்கத்திலேயே இருக்கும்.

வயதிலும் கவனம். லத்தீனில் 'ஏட்டாட்டிஸ்' என்ற சொல்லோடு 35 என்றிருந்தால் 35-ஆவது வயது நடப்பில் இருக்கிறது என்று பொருள். அதாவது 34 முடிந்தவராக இருக்கலாம்.

7. மொழியை அடையாளம் காணுங்கள்

முதல் வரியே காட்டிக்கொடுத்துவிடும். 'ஹியர் லெய்ட் பெக்ராவன்' அல்லது 'ஹியர் ரஸ்ட்' என்றால் டச்சு. 'ஹியர் ரூஹெட்' ஜெர்மன். 'ஹெர் வீலர்' என்பது போல ஒலிக்கும் தொடக்கம் டேனிஷ். 'அக்கி ஜாஸ்' போர்த்துகீசியம். 'ஹிக் யாசெட்' லத்தீன். எல்லாவற்றுக்கும் பொருள் ஒன்றே: இங்கே உறங்குகிறார்.

டச்சுக் கல்லில் பதவிச் சொற்களைக் குறித்துக்கொள்ளுங்கள். 'ஓண்டர்கோப்மன்', 'கோப்மன்', 'ஓப்பர்கோப்மன்' மூன்றும் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் இளநிலை, நடுநிலை, முதுநிலை வணிகர் பதவிகள். வணிகர் என்ற சொல்லைப் பார்த்துத் தனியாகக் கடை வைத்திருந்தவர் என்று எழுதிவிட வேண்டாம். 'ஹைஸ்ஃப்ராவ்' மனைவி, 'வெடுவ' கைம்பெண்.

ஆங்கிலத்தில் "நினைவுக்கு அர்ப்பணம்" என்று தொடங்கினால் அது வெறும் நினைவுப் பலகையாகவும் இருக்கலாம். சென்னைப் புனித ஜார்ஜ் பேராலயத்தில் பிஷப் ஹீபருக்குப் பெரிய பளிங்குச் சிலை இருக்கிறது. அவர் 1826-இல் இறந்ததும் அடக்கமானதும் திருச்சிராப்பள்ளியில். "இங்கே" என்ற சொல் கல்லில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய அச்செழுத்து வழக்கில் எஸ் எழுத்து எஃப் போல நீண்டிருக்கும். யூ இருக்க வேண்டிய இடத்தில் வீ இருக்கும். என் எழுத்து திரும்பி நின்றாலோ சொற்கள் ஒட்டிக்கொண்டாலோ ஆச்சரியப்பட வேண்டாம். சோழமண்டலக் கடற்கரையில் டச்சுக்காரர்களுக்குக் கல் கொத்தியவர்கள் இந்த ஊர்ச் சிற்பிகள். இங்கே கொத்திய பலகைகள் கப்பலேறிப் பத்தாவியா (இன்றைய ஜகார்த்தா) வரை போயிருக்கின்றன. தெரியாத மொழியை வரைபடம் பார்த்துக் கல்லில் இறக்கிய கை அது. எழுத்துப் பிழையைத் திருத்தாமல், கல்லில் இருப்பது போலவே நோட்டில் எழுதுங்கள். திருத்தியதைத் தனி வரியில் போடுங்கள்.

8. அலங்காரத்தையும் சின்னத்தையும் பிரியுங்கள்

கல்லை மூன்றாகப் பிரித்து வரையுங்கள்: ஓரப் பட்டை, நடுவில் உள்ள வட்டம் அல்லது கேடயம், எழுத்துப் பகுதி. ஓரத்தில் ஓடும் பூங்கொடி, இலை, முறுக்கு பெரும்பாலும் அலங்காரம் மட்டுமே. அங்கே ஒரு பூவைப் பார்த்துத் "தூய்மையின் குறி" என்று எழுதினால் எல்லாக் கல்லும் தூய்மைதான். தனியாக, நடுவில், எழுத்துக்கு மேலேயோ கீழேயோ நிற்பதைத்தான் சின்னமாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

9. இப்போது சின்னம்: காலத்தோடு சேர்த்து

*17-ஆம் நூற்றாண்டும் 18-இன் முற்பகுதியும்.* மண்டையோடு, குறுக்கெலும்புகள், எலும்புக்கூடு, மணற்கடிகை. எல்லாம் பார்ப்பவருக்குச் சொல்வது: "நீயும் சாவாய், நேரம் ஓடுகிறது." இறந்தவரைப் பற்றி இவை எதுவும் சொல்வதில்லை. கொள்ளைக்காரர், நஞ்சு, கொள்ளைநோய் எதற்கும் சம்பந்தமில்லை. மணற்கடிகைக்குச் சிறகு இருந்தால் காலம் பறக்கிறது என்று பொருள்.

தேய்ந்த மணற்கடிகை நம் கண்ணுக்கு உடுக்கையாகவே தெரியும். இருபக்கமும் மெல்லிய தூண்களும் மேலும் கீழும் தட்டையான பலகையும் இருக்கின்றனவா என்று பாருங்கள், இருந்தால் கடிகை. குறுக்காக இரண்டு கோல்கள் இருந்தால் நுனியைப் பாருங்கள். இரட்டைக் குமிழ் என்றால் எலும்பு, வளையம் என்றால் சாவி (பேதுருவின் குறி), கைப்பிடி என்றால் வாள்.

மண்டையோடு சிலுவையின் அடியில் இருந்தால் பொருள் மாறுகிறது. அது இயேசுவைச் சிலுவையில் அறைந்த கொல்கொதா மலை. ஆதாமின் மண்டையோடு என்பது மரபு. அந்தக் கல்லில் அதைச் சாவு எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

*18-ஆம் நூற்றாண்டு.* மண்டையோட்டின் இடத்துக்குச் சிறகு முளைத்த குழந்தை முகம் வருகிறது. ஆன்மா பறந்து போவது. தேய்ந்துவிட்டால் இரண்டும் ஒன்று போல இருக்கும். மூக்கு முக்கோணக் குழியாகவும் பல்வரிசைக் கீறலும் இருந்தால் மண்டையோடு. கன்னம் உப்பலாகவும் நெற்றியில் மயிர்ச் சுருளும் இருந்தால் குழந்தை. டார்ச்சைக் கன்னத்தின் பக்கம் பிடித்தால் ஒரே நொடியில் தெரிந்துவிடும்.

*18-இன் கடைசியும் 19-இன் முற்பாதியும்.* கிரேக்க, ரோமானியப் பாணி. இதில் புதியவர் தடுக்கும் இடங்கள் நிறைய.

கலசமும் அதன் மேல் போர்த்திய துணியும் துக்கக் குறி. உள்ளே சாம்பல் இல்லை. உடல் கீழே புதைந்திருக்கிறது. கலசத்தைப் பார்த்து எரியூட்டியதாக எழுதிவிடாதீர்கள்.

தலைகீழாகப் பிடித்த தீப்பந்தம் வாழ்வு முடிந்ததைக் காட்டும். தலைகீழாகவும் சுடர் எரிந்தால் ஆன்மா அணையவில்லை என்று அர்த்தம்.

தன் வாலைத் தானே கடிக்கும் பாம்பு முடிவின்மைக்கு. நாகதோஷமும் இல்லை, பாம்பு கடித்த மரணமும் இல்லை.

முறிந்த தூண், பாதியில் அறுந்த வாழ்வு. இளமையில் போனவருக்கும் குடும்பத் தலைவருக்கும் வைப்பார்கள். ஆனால் தூண் உண்மையாகவே உடைந்தும் இருக்கலாம். முறிவின் முகத்தைத் தடவுங்கள். உளி போட்டுச் சீராக்கியிருந்தால், அல்லது செதுக்கிய மாலையோ கொடியோ முறிவு வரை வந்து ஒழுங்காக நின்றிருந்தால் அது சின்னம். கரடுமுரடாக, பூவேலைப்பாடு பாதியில் அறுபட்டிருந்தால் வெறும் சேதம்.

*19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி.* படித்த பட்டியல்கள் இங்கேதான் உதவும். ஆட்டுக்குட்டி, முறிந்த மொட்டு: குழந்தை. கொடி பிடித்த ஆட்டுக்குட்டி: கிறிஸ்து, வயதோடு சம்பந்தமில்லை. முதிர்ந்த கோதுமைக் கட்டு: நிறைவாழ்வு. கசகசாச் செடியின் பூ: உறக்கம். பற்றிய இரு கைகள்: பிரிவு, மறுபடி சந்திப்பு, சட்டைக் கையில் ஒன்றில் மட்டும் சரிகை மடிப்பு இருந்தால் கணவன் மனைவி. மூன்று படிமேல் நிற்கும் சிலுவை: விசுவாசம், நம்பிக்கை, அன்பு.

நங்கூரத்துக்கு மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். எபிரெயர் நிருபம் 6:19 நம்பிக்கையை ஆத்துமாவின் நங்கூரம் என்கிறது. ஆசிரியர், பாதிரியார், விதவை யார் கல்லிலும் வரலாம். எழுத்தில் கப்பல் பதவி இருந்தாலோ, கப்பலின் பெயர் இருந்தாலோ ஒழிய மாலுமி என்று எழுத வேண்டாம்.

*எல்லாக் காலத்திலும் வருபவை.* ஐ, எச், எஸ் மூன்றும் கிரேக்க மொழியில் இயேசுவின் பெயரின் முதல் மூன்று எழுத்துகள். ஆங்கிலச் சொற்களின் சுருக்கம் அல்ல. அடியில் மூன்று ஆணியும் சுற்றிக் கதிர்களும் இருந்தால் இயேசு சபைத் தொடர்பை யோசிக்கலாம். எழுத்து மட்டும் இருந்தால் கத்தோலிக்கர் என்றுகூடச் சொல்ல முடியாது, ஆங்கிலிக்கன் கற்களிலும் உண்டு. தன் மார்பைக் கொத்திக் குஞ்சுகளுக்கு ரத்தம் கொடுக்கும் பறவை கூழைக்கடா, கிறிஸ்துவின் தியாகம். நம் ஊரில் அதைக் கொக்கு, மயில் என்று குறித்துவிடுகிறார்கள். மூலைமட்டமும் கவராயமும் சேர்ந்திருந்தால் அவர் கொத்தனார் அல்ல, ஃப்ரீமேசன் சங்கத்தவர்.

10. கேடயம் இருந்தால்

கேடயத்தை வைத்துப் பிரபு வம்சம் என்று முடிவு செய்யாதீர்கள். நெதர்லாந்தில் சாதாரணக் குடிமகனும் தனக்கென ஒரு கேடயச் சின்னம் வைத்துக்கொள்ளலாம். நாலு என்ற எண்ணைப் போன்ற கோட்டோடு எழுத்துகள் பின்னியிருந்தால் அது வணிகர் முத்திரை. மூட்டைகளில் போடும் அதே குறி.

கேடயம் நெடுக இரண்டாகப் பிரிந்திருந்தால், உங்கள் இடப்பக்கம் கணவன் வீடு, வலப்பக்கம் மனைவி வீடு. ஆங்கிலேய வழக்கில் சாய்சதுரக் கட்டம் மணமாகாத பெண்ணுக்கோ கைம்பெண்ணுக்கோ உரியது.

கேடயத்துக்குள் மெல்லிய கோடுகள் இருந்தால் உளித் தழும்பு என்று விட்டுவிடாதீர்கள், அவை நிறங்கள். கிடைக்கோடு நீலம், நெடுக்கோடு சிவப்பு, புள்ளி பொன், வெறுமை வெள்ளி, குறுக்கும் நெடுக்கும் கறுப்பு, உங்கள் இடப்பக்க மேல் மூலையிலிருந்து சரியும் கோடு பச்சை. குடும்பத்தைத் தேடும்போது உருவத்தைவிட நிறமே அதிகம் உதவும்.

11. பதிவேட்டோடு ஒப்பிடுங்கள்

கல்லைப் பார்க்கும் முன் பதிவேட்டைப் பார்க்காதீர்கள். பார்த்தால் கல்லில் இல்லாத எழுத்தும் தெரியத் தொடங்கும்.

டச்சுச் சமாதிகளுக்கு அலெக்சாண்டர் ரீ 1897-இல் வெளியிட்ட வரைபடங்களும், சென்னை மாகாணக் கல்லறை வாசகங்களுக்கு ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் 1905-இல் தொகுத்த பட்டியலும் முதல் துணை. இன்று தேய்ந்துவிட்ட எழுத்து அப்போது தெளிவாக இருந்திருக்கலாம். இணைய ஆவணக் களஞ்சியங்களில் இலவசமாகத் தேடலாம். இருந்தாலும் இரண்டிலும் வாசகம்தான் பிரதானம். சின்னத்தைப் பதிவு செய்யும் வேலை பெருமளவு உங்களுக்கே மிச்சம்.

ஆங்கிலேயர் அடக்கப் பதிவுகளின் பிரதிகள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன; சென்னை வரிசை 1698-இல் தொடங்குகிறது, இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது. பெயர் அட்டவணையை ஃபேமிலிசெர்ச் தளத்தில் கணக்குத் தொடங்கி இலவசமாகப் பார்க்கலாம். பக்கத்தின் படம் வேண்டுமென்றால் கட்டணத் தளத்துக்குப் போக வேண்டியிருக்கும். ஒரு மாதச் சந்தா எடுப்பதற்கு முன் தேட வேண்டிய பெயர்களை எல்லாம் சேர்த்துவைத்துக்கொள்ளுங்கள். டச்சு ஆவணங்கள் எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் இருக்கின்றன. ஆய்வு நோக்கத்தை எழுதிய விண்ணப்பமும் அடையாள அட்டையும் கொண்டு போங்கள். அன்றே கையில் கிடைக்கும் என்று எதிர்பார்த்து வெளியூரிலிருந்து ஒரு நாள் பயணமாக வராதீர்கள்.

பதிவேட்டில் இருப்பது பெரும்பாலும் அடக்க நாள், கல்லில் இருப்பது இறந்த நாள். நம் வெயிலில் இரண்டுக்கும் இடையே ஒரு நாளைத் தாண்டாது. அதற்கு மேல் வித்தியாசம் வந்தால் ஆறாவது படிக்குத் திரும்புங்கள்.

12. நோட்டில் எழுதும் முறை

ஒரு கல்லுக்கு ஒரு பக்கம். மேலே தேதி, நேரம், வெளிச்சம் வந்த திசை. பிறகு நீளம், அகலம், கல்லின் வகை, தலைப்பக்கம் எந்தத் திசை. வாசகத்தை வரி பிரிந்த இடத்தில் பிரித்து, தெரியாத எழுத்துக்குப் புள்ளி வைத்து எழுதுங்கள். சின்னத்துக்கு இரண்டு வரி: முதல் வரியில் கண் பார்த்தது மட்டும் ("பந்து போன்ற உருவம், இருபுறம் சிறகு, கீழே கிடைக்கோடு"), இரண்டாவது வரியில் உங்கள் ஊகம். இரண்டையும் கலந்துவிட்டால் ஆறு மாதம் கழித்து உங்களாலேயே பிரிக்க முடியாது.

வீட்டுக்கு வந்தபின் ஒரு பிரதியைச் சேகர அலுவலகத்துக்குக் கொடுங்கள். அடுத்த முறை சாவி கேட்கும்போது கடிதம் தேவைப்படாது.